எட்டரை எப்படி ஏழு புள்ளி எட்டு ஆனது?

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் விற்க வைத்திருந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்க்க, புனேயின் போபோடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு கல்லூரி மாணவன் வந்தான். முளா ஆற்றுக்கு அக்கரையில், தாபோடியில் அவன் வீடு. ஹாரிஸ் பாலத்தை நடந்தே கடந்து வந்திருந்தான். அவனுடையது, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காகத் தாத்தா காலத்தில் இங்கே வந்த தமிழ்க் குடும்பம். கிட்டாரை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தான். கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு மல்டிமீட்டரை எடுத்தான்.

எனக்கு அது பிடித்திருந்தது. பழைய கிட்டார் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கீறல்களைத்தான் எண்ணுவார்கள். இவன் கேபிளைக் கிட்டாரில் செருகி, அதன் மறுமுனையில் மீட்டரின் இரு முனைகளையும் வைத்து அளந்தான். முகம் வாடிப்போயிற்று.

"அங்கிள், ஏழு புள்ளி எட்டுதான் காட்டுது. நீங்க எட்டரைன்னு சொன்னீங்களே?"

சொன்னது உண்மைதான். முந்தைய மே மாதம், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புகளில், கிட்டாரோடு வந்தவற்றைக் கழற்றிவிட்டு நல்ல பிக்கப்புகளைப் பொருத்தியபோது, நானே அளந்து தாளில் எழுதி வைத்த மின்தடை எண் அது: 8.5 கிலோ ஓம். இப்போதும் அதே சுருள், அதே காந்தம். எட்டு மாதத்தில் 700 ஓம் எங்கே போயிற்று?

அவன் மனத்தில் இரண்டு சந்தேகங்கள் இருந்திருக்கும். ஒன்று, விலைக்காக நான் எண்ணைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். மற்றொன்று, பிக்கப் கெட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுமே இல்லை என்று அன்று அவனுக்குக் காட்ட முடிந்தது. பள்ளிக்கூட இயற்பியலே அதற்குப் போதும். பழைய பொருள் கைமாறும்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒரு சந்தேகம் உட்கார்ந்துகொள்ளும். பிக்கப் மாற்றிய கிட்டாரைப் பொறுத்தவரை, அந்தச் சந்தேகத்தின் பெரும்பகுதியை அளந்தே தீர்த்துவிடலாம்.

பிக்கப் எதைக் கேட்கிறது?

பிக்கப் ஒரு மைக் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மைக் காற்றின் அதிர்வைக் கேட்கும். பிக்கப்புக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. அதற்குத் தெரிவது இரும்பின் அசைவு மட்டும்.

அதன் உள்ளே இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று நிலைக்காந்தம். மற்றொன்று, அந்தக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பி. காந்தத்தின் புலம் மேலே செல்லும் எஃகுத் தந்தியைத் தொட்டு, அந்தத் தந்தியையும் சிறு காந்தமாக்குகிறது. தந்தியை மீட்டினால் அந்தச் சிறு காந்தம் ஆடும். அது ஆட ஆட, சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறையும். மாறுகிற காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்பும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அணைக்கட்டு நீர்மின் நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரும் கிட்டார் பிக்கப்பும் ஒரே விதியில் வேலை செய்பவை. ஜெனரேட்டரை விசையாழி சுழற்றுகிறது. இங்கே விரல் மீட்டுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. எழும் மின்னழுத்தம், தந்தி எவ்வளவு தூரம் விலகியது என்பதைப் பொறுத்ததல்ல. அது எவ்வளவு வேகமாக விலகியது என்பதைப் பொறுத்தது. வீச்சு ஒன்றாகவே இருந்தாலும், வேகமாக அதிரும் மேற்சுரங்களுக்குப் பிக்கப்பில் கூடுதல் குரல் கிடைக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் உள்ள உலோகத்தன்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

தந்தி இரும்பாக இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு செய்தி. கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் தந்திகளை இதில் மாட்டினால் பிக்கப்புக்கு எதுவுமே கேட்காது. நம் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். சாரணியும் பஞ்சமமும் எஃகுத் தந்திகள். காந்தப் பிக்கப் அவற்றை நன்றாகக் கேட்கும். மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் வெறும் பித்தளைக் கம்பி போட்டிருந்தால், அவை இரண்டும் ஊமையாகிவிடும். எஃகு நடுக்கம்பியின் மேல் வேறு உலோகம் சுற்றிய தந்தியாக இருந்தால், உள்ளே இருக்கும் எஃகு காப்பாற்றும். பித்தளையும் வெண்கலமும் காந்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதே காரணம்.

சுருளின் கம்பி எவ்வளவு மெல்லியது என்பதைச் சொன்னால்தான் அந்த வேலையின் நுணுக்கம் விளங்கும். பரவலாகப் பயன்படும் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். அதன் மேல் மின்காப்புப் பூச்சு வேறு. இந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 5.4 ஓம். அப்படியானால் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப்பில் எவ்வளவு கம்பி இருக்கும்? எட்டாயிரத்தை 5.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். இருபது நிமிடம் நடக்கிற தூரத்துக்கான செம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவும் சேர்ந்து கொடுக்கும் மின்னழுத்தம், வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மிச்ச வேலை ஆம்ப்ளிஃபையருடையது.

இரைச்சலைக் கொன்ற இரட்டைச் சுருள்

காந்தமும் சுருளும் என்ற இந்த எண்ணத்தைக் கிட்டாரில் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஜார்ஜ் பீச்சம். அவர் வடிவமைத்து, 1932இல் விற்பனைக்கு வந்த அலுமினியக் கிட்டார், உருவத்தால் 'வாணலி' என்றே பெயர் பெற்றது. குதிரைலாட வடிவில் இரண்டு காந்தங்கள் தந்திகளை வளைத்து நிற்க, அடியில் ஒரு சுருள் இருந்தது. 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்கும் இந்தக் காந்தமும் சுருளும் வந்து சேர்ந்தன. பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்து, சிறுவயதிலேயே சென்னை சபாக்களை ஆண்ட மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். மாண்டலினின் ஒலி மீட்டிய உடனே தேய்ந்துவிடும். கமகத்துக்கோ ஒரு மீட்டிலேயே நீண்டு நிற்கும் ஒலி வேண்டும். தேய்ந்துகொண்டே போகும் அந்த வால்பகுதியைப் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் கேட்கும் அளவுக்கு உயர்த்திக் கொடுத்தன. வழக்கமான நான்கு ஜோடித் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு அவர் மாறியதும் ராகம் வாசிப்பதற்காகத்தான். மேல்நாட்டில் சத்தத்தைக் கூட்டுவதற்காகப் பிறந்த கருவி, இங்கே ஒரு சுரத்தை இன்னொரு சுரத்துக்கு இழுத்துச் செல்லும் காலத்தை வாங்கிக் கொடுத்தது.

ஆனால் ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. மாறும் காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். வீட்டின் மின்கம்பிகள், டியூப்லைட்டின் சோக், ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே நம் நாட்டில் நொடிக்கு 50 முறை காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று அந்த இரைச்சல் வரும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். ஆக, இரைச்சலும் இசையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வடிகட்டிப் பிரிக்க வழியில்லை.

கிட்டார் செய்யும் கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் அருகருகே இரண்டு சுருள்களை வைத்தார். இரண்டாவது சுருளை எதிர்த்திசையில் இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி நுழைகிறது. எதிரெதிராக இணைத்திருப்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது. ஆனால் அப்படியே விட்டால் தந்தியின் ஒலியும் அழிந்துவிடுமே? அதற்காக இரண்டாவது சுருளின் காந்த முனையையும் திருப்பி வைத்தார். தந்தியின் சமிக்ஞை சுருளால் ஒருமுறையும் காந்தத்தால் ஒருமுறையும், ஆக இருமுறை திரும்புகிறது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல். இரைச்சல் அழிய, இசை இரட்டிப்பாகிறது. ஹம்பக்கர் என்று பெயர் பெற்ற அந்தப் பிக்கப்புக்கு 1955இல் விண்ணப்பித்து 1959இல் காப்புரிமை பெற்றார்கள். தொடக்க ஆண்டுகளில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற சிறு ஒட்டியுடன் வெளிவந்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

என் கிட்டாரில் இருப்பவை அந்த வகை ஹம்பக்கர்கள் இரண்டு. ஒன்று கழுத்தருகே, மற்றொன்று தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் வழக்கம், தனியாக விற்பதற்கென்றே செய்த பிக்கப்புகள் வந்த பிறகுதான் பெருகியது. அமெரிக்காவில் 1972இல் லாரி டிமார்ஸியோவின் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' வந்தது. 1976இல் சீமோர் டங்கன் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். கிட்டாரை மாற்றாமலே அதன் குரலை மாற்றலாம் என்பது அப்போதிலிருந்து ஊர்தோறும் பரவிய எண்ணம்.

காணாமல்போன 700 ஓம்

இப்போது எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

செம்பின் மின்தடை வெப்பத்தோடு கூடும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 விழுக்காடு. கம்பிக்குள் ஓடும் எலெக்ட்ரான்களை, சூட்டில் அதிகமாக நடுங்கும் செப்பு அணுக்கள் இடைமறிப்பதே காரணம். பிக்கப்பின் மின்தடையைச் சொல்லும்போது வழக்கமாக 20 டிகிரி போன்ற அறை வெப்பத்தையே மனத்தில் கொள்கிறார்கள். என் பிக்கப் அந்தக் கணக்கில் சரியாக 8 கிலோ ஓம்.

மே மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள எங்கள் அறை 36 டிகிரியில் இருந்தது. 20ஐவிட 16 டிகிரி கூடுதல். 16ஐ 0.39ஆல் பெருக்கினால் 6.2 விழுக்காடு. 8 கிலோ ஓம் அப்போது 8.5 ஆகிவிடும். நான் எழுதி வைத்த எண் அதுதான். பிக்கப் அப்போது மேசைமேல் தனியாக இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜனவரிக் காலையில் அறையின் வெப்பம் 18 டிகிரி. சுருளின் மின்தடை 7.94 கிலோ ஓமாக இறங்கியிருந்தது. ஆனால் மீட்டர் 7.8 அல்லவா காட்டியது? மிச்சத்தை எடுத்துக்கொண்டது வால்யூம் குமிழ். பிக்கப் கிட்டாருக்குள் போனபிறகு, கேபிள் வழியாக அளப்பவருக்கு அது தனியாகத் தெரியாது. 500 கிலோ ஓம் வால்யூம் குமிழ் அதற்குப் பக்க இணைப்பில் நிற்கிறது. பக்க இணைப்பில் மொத்த மின்தடை எப்போதும் குறையும். 7.94ஐயும் 500ஐயும் பக்க இணைப்பில் வைத்துக் கணக்கிட்டால் 7.82. டோன் குமிழும் அங்கே இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் வழியில் ஒரு மின்தேக்கி குறுக்கே நிற்கிறது. மீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டத்தை மின்தேக்கி தடுத்துவிடுவதால், டோன் குமிழ் இந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆக, பருவம் 560 ஓமை எடுத்துக்கொண்டது. குமிழ் சுமார் 120 ஓமை எடுத்துக்கொண்டது. நானும் பொய் சொல்லவில்லை, அவன் மீட்டரும் பொய் சொல்லவில்லை. நான் செய்த தவறு ஒன்று உண்டு. எண்ணை எழுதினேன், எந்த வெப்பத்தில், எங்கே வைத்து அளந்தேன் என்று எழுதவில்லை. அளவு என்பது எண் மட்டுமல்ல, அளந்த சூழலும் சேர்ந்ததுதான். அதை அன்று அந்த மாணவனிடம் ஒப்புக்கொண்டேன்.

கூடுதல் எண், கூடுதல் தரமா?

"சரி அங்கிள், எட்டரையா இருந்தா பவர் இன்னும் ஜாஸ்தியா இருந்திருக்கும்ல?" என்று கேட்டான்.

பழைய கிட்டார் விற்பனையில் அடிக்கடி காதில் விழும் நம்பிக்கை இது. மின்தடை கூடினால் பிக்கப் வலுவானது என்கிறார்கள். ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே வடிவம் என்றால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சுற்றுகள் கூடினால் மின்தடையும் கூடும், மின்னழுத்தமும் கூடும். ஆனால் இன்னும் மெல்லிய கம்பியைச் சுற்றினால், சுற்றுகள் கூடாமலே மின்தடை ஏறிவிடும். காந்தம் வலுவானதா வலுவற்றதா என்பதை மின்தடை சொல்லவே சொல்லாது. வெயிலில் வைத்தாலே ஏறுகிற ஓர் எண்ணை இசையின் தரமாக எப்படி எடுத்துக்கொள்வது?

பிக்கப்பின் குரலை நிர்ணயிப்பது வேறொன்று. ஸ்பிரிங்கில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது தனக்கே உரிய ஒரு தாளத்தில்தான் ஆடும். குண்டு கனமானால் தாளம் மெதுவாகும். ஸ்பிரிங் நெகிழ்வானாலும் மெதுவாகும். மின்சுற்றில் குண்டின் வேலையைச் செய்வது சுருளின் தூண்டல். ஹென்றி என்ற அலகில் அளக்கிறோம். ஸ்பிரிங்கின் நெகிழ்வைப்போல வேலை செய்வது மின்தேக்குதிறன். அந்த மின்தேக்குதிறனில் பெரும்பகுதி பிக்கப்பில் இல்லை. கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் இணைக்கும் கேபிளில் இருக்கிறது. ஒரு மீட்டர் கேபிளுக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வு அதிர்வெண் ஒன்றை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வெண்ணின் அருகே பிக்கப் உரக்கப் பேசும். அதைத் தாண்டினால் குரல் சட்டென்று தேயும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரின் ஒற்றைச் சுருளுடைய தூண்டல் 2.4 ஹென்றி, ஐந்து மீட்டர் கேபிளும் சுருளின் சொந்த மின்தேக்குதிறனும் சேர்ந்து 600 பிக்கோஃபாரட் என்று கொண்டால், ஒத்ததிர்வு சுமார் 4,200 ஹெர்ட்ஸில் வரும். என்னுடையதைப் போன்ற 4.5 ஹென்றி ஹம்பக்கருக்கு அது சுமார் 3,000. அதிகச் சுற்றுகள் சுற்றி 8 ஹென்றிக்கு ஏற்றிய 'சூடான' பிக்கப்புக்குச் சுமார் 2,300.

மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. இந்த மூன்று எண்களும் அந்த எல்லைக்குள்ளேயே விழுகின்றன. அதனால்தான் பிக்கப்பை மாற்றினால் இசைப் பயிற்சி இல்லாதவருக்கும் வித்தியாசம் தெரிகிறது. முதலாவது கண்ணாடிபோலத் தெளிந்து ஒலிக்கும். இரண்டாவது தடித்து, இனிமையாக ஒலிக்கும். மூன்றாவது ஆம்ப்ளிஃபையரை முட்டி உறும வைக்கும். இவற்றில் எது உயர்ந்தது என்ற கேள்வி வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் இடையே போட்டி வைப்பது போன்றது. அவரவர் வாசிக்கும் இசைக்கு எது பொருந்துகிறது என்பதே கேள்வி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த ஒற்றைச் சுருள் கிட்டாரில் ஐந்து மீட்டர் கேபிளை எடுத்துவிட்டுப் பத்து மீட்டர் கேபிளைப் போட்டால், 4,200 ஹெர்ட்ஸ் சுமார் 3,100க்கு இறங்கிவிடும். ஒரு பைசா செலவில்லாமல் பிக்கப்பின் குரல் மாறிவிட்டது. விலைகொடுத்துப் பிக்கப் மாற்றும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. வாங்கப் போகிறவரும் தன் வீட்டு கேபிளையே கையோடு எடுத்துச் செல்வது நல்லது. விற்பவர் வீட்டில் கேட்ட குரல், வேறு கேபிளில் வேறாக ஒலிக்கலாம்.

பிக்கப் இருக்கும் இடமும் குரலை மாற்றும். அதிரும் தந்தியில் ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் அசையாப் புள்ளிகள் உண்டு. தந்தி நீளத்தில் கால் பங்கு தூரத்தில் பிக்கப் இருந்தால், திறந்த தந்தியில் அடிப்படைச் சுரத்தைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் அதிரும் மேற்சுரத்துக்கு அங்கே அசைவே இல்லை. பிக்கப்புக்கு அது கேட்காது. பிரிட்ஜ் அருகே போகப்போக மேற்சுரங்கள் கூர்மையாகக் கேட்கும். கழுத்தருகே அடிப்படைச் சுரம் நிறைந்து கேட்கும். ஒரே பிக்கப்பை இரண்டு இடங்களில் மாட்டினால் இரண்டு குரல்கள் வரும்.

உலகம் பார்த்த இரண்டு விற்பனைகள்

பிக்கப் மாற்றிய பழைய கிட்டார் ஒன்று 2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்கப்பட்டது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. விலை 39,75,000 டாலர். அந்த நாளில் ஏலத்தில் எந்தக் கிட்டாரும் அதுவரை எட்டாத விலை. அந்த ஏலத்தின் வருவாயைச் சுற்றுச்சூழல் சட்டப் பணி செய்யும் கிளையன்ட் எர்த் அமைப்புக்கு அவர் கொடுத்துவிட்டார். கில்மோர் அந்தக் கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர் அல்லர். கழுத்துக்கட்டையைப் பலமுறை மாற்றினார். பிரிட்ஜ் பிக்கப்பைக் கழற்றி 1979இல் சீமோர் டங்கன் செய்த பிக்கப்பைப் பொருத்தினார். அந்த விலைக்குக் காரணம் வாசித்தவரின் பெயர்தான். ஆயினும், எந்த ஆண்டில் எந்தப் பாகம் மாறியது என்பது விரிவாக எழுதி வைக்கப்பட்டிருந்ததால், மாற்றங்கள் குறையாக இல்லாமல் அந்தக் கிட்டாரின் வாழ்க்கை வரலாறாகவே மாறின.

இரண்டாவது கதை இன்னும் நுட்பமானது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிட்டாரில், கழுத்தருகே உள்ள பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. தனித்தனியாக வாசித்தால் இரண்டு பிக்கப்புகளும் சரியாக ஒலிக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அடிப்படைச் சுரத்தின் பெரும்பகுதி அழிந்து, மூக்கால் பாடுவதைப் போன்ற, உள்ளீடற்ற ஒரு குரல் வரும். பட்டறைக் கணக்கில் அது ஒரு பிழை. பீட்டர் கிரீனின் கையில் அந்தப் பிழையே அவருடைய அடையாளக் குரலாயிற்று. அந்தக் கிட்டாரை அவர் கேரி மூருக்கு விற்றார். பின்னர் அது பலர் கை மாறி, 2014இல் மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் வந்து சேர்ந்தது. காந்தத்தை யாரும் திருப்பிச் சரிசெய்துவிடவில்லை.

அந்தக் கிட்டாரை மல்டிமீட்டரால் அளந்தால் என்ன தெரியும்? காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சுருளின் மின்தடை ஒன்றுதான். அதன் குரலைத் தனித்துக் காட்டிய ஒரே செய்தியை மின்தடை எண் மறைத்துவிடும். எண்களை நம்புகிற நான் இதையும் மறப்பதில்லை.

நம்மைப் போன்றவர்கள் விற்கும் சாதாரணக் கிட்டாருக்கு வருவோம். பிக்கப்புக்காகச் செலவழித்த பணம் முழுதும் விலையில் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாங்குபவருக்கு அந்தக் குரல் வேண்டாமலிருக்கலாம். ஆகவே கழற்றிய பிக்கப்புகளைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்திருப்பது விற்பவருக்கு எப்போதும் கைகொடுக்கும். வாங்குபவர் விரும்பினால் கிட்டாரைப் பழைய குரலுக்கே கொண்டு போகலாம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

பழையது என்பதாலேயே பிக்கப்பின் தரம் குறைந்திருக்காது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ காந்தம், வேறு வலுவான காந்தத்தின் அருகே போகாதவரை, பல பத்தாண்டுகள் தன் வலுவைக் காக்கும். ஃப்ரெட்டுகள் தேயும், குமிழ்கள் கரகரக்கும், ஜாக் தளரும். சுருள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்கு எதிரி அரிப்பும் முறிவும்தான். புனேயின் நான்கு மாத மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரருகே கிட்டாரைச் சாய்த்து வைத்தால், முடி அளவே உள்ள செப்புக் கம்பி எங்காவது ஓரிடத்தில் அரித்துப் போகலாம். ஓரிடம் போதும், ஒன்றரை கிலோமீட்டர் கம்பியும் வீண்.

எனவே மல்டிமீட்டர் அவசியம் வேண்டும். வால்யூமையும் டோனையும் முழுதும் திறந்து வைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியாகத் தேர்ந்து அளக்க வேண்டும். வால்யூம் பாதியில் நின்றால், பிக்கப்புக்குச் சம்பந்தமில்லாமல் பல பத்து கிலோ ஓம் காட்டும். முழுதும் திறந்தும் 500 கிலோ ஓம் அளவுக்குக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டருக்குத் தெரிவது வால்யூம் குமிழ் மட்டுமே. எட்டு வரவேண்டிய ஹம்பக்கரில் நான்கு வந்தால், இரு சுருள்களில் ஒன்று மட்டும் இணைப்பில் இருக்கிறது. சிலர் குமிழை இழுத்தால் ஒற்றைச் சுருளாக மாறும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, பீட்டர் கிரீன் சோதனை. இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் வந்தால் திசை முரண்பட்டிருக்கிறது. மீட்டரைக் கொண்டும் இதைப் பார்க்கலாம். ஸ்க்ரூடிரைவரின் இரும்பைப் பிக்கப்பின் மேல் வைத்து, சட்டென்று விலக்குங்கள். மீட்டரின் எண் ஒரு கணம் மேலேயோ கீழேயோ துள்ளும். இரண்டு பிக்கப்புகளுக்கும் ஒரே திசையில் துள்ள வேண்டும்.

பிறகு ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, தந்திகளைத் தொடாமல் பிக்கப்பை நகத்தால் மெல்லத் தட்ட வேண்டும். லேசான 'டொக்' பரவாயில்லை. மேசையைத் தட்டுவது போல உரக்கக் கேட்டால் சுருள் தளர்ந்திருக்கிறது. சத்தத்தைக் கூட்டும்போது அது கீச்சிடும். அதைத் தடுக்கத்தான் நல்ல பிக்கப்புகளை உருக்கிய மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். சுற்றுகளுக்கு இடையே மெழுகு இறங்கி, கம்பி அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறதா என்றும் பாருங்கள். அடங்கினால் பிரிட்ஜுக்குப் போகும் தரைக் கம்பி ஒழுங்காக இருக்கிறது. தொட்டவுடன் கூடினால், பிக்கப் மாற்றியவர் எங்கோ கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். முடிந்தால் பின்மூடியைத் திறந்து ஈயப் பற்றுகளைப் பார்க்க வேண்டும். பளபளப்பாகவும் கம்பியோடு வழுவழுப்பாகப் படிந்தும் இருந்தால் நல்ல கை. மங்கிய உருண்டையாக நின்றால் அது இன்றோ நாளையோ விட்டுப்போகும்.

கடைசியாக உயரம். காந்தம் வலுவானது என்பதற்காகத் தந்திக்கு மிக அருகே ஏற்றி வைத்தால், காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து அதன் அதிர்வைக் கெடுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியே பிசகும். குறை கிட்டாரில் இருப்பதாக நினைத்து விலையைக் குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. திருகை இரண்டு சுற்று இறக்கினாலே சரியாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் அன்று அந்த மாணவனும் நானும் சேர்ந்தே செய்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எல்லாம் முடிந்தபின் விலையைப் பேச இரண்டு நிமிடமே ஆனது. பழைய பிக்கப்புகள் இருந்த பெட்டியையும் அவனிடம் கொடுத்தேன். எட்டரை என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினேன்: ஜாக் வழியாக அளந்தது, வால்யூம் முழுதும் திறந்த நிலை, அறை 18 டிகிரி, 7.8 கிலோ ஓம், தேதி. அவன் அதை மடித்துக் கிட்டார் உறையின் பையில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனான்.

மே மாத நடுவில் ஒரு பிற்பகல் தொலைபேசியில் அழைத்தான்.

"அங்கிள், இப்போ எட்டு புள்ளி மூணு காட்டுது. ரூம் முப்பத்திநாலு டிகிரி. வால்யூம் குமிழையும் கணக்குல சேர்த்துப் பார்த்தேன், சரியா வருது."

நானும் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 34 டிகிரியில் சுருள் 8.44, குமிழோடு சேர்ந்தால் 8.30. சரியாகத்தான் வந்தது. அவன் மேலே பேசவில்லை. கைபேசியை ஆம்ப்ளிஃபையர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தான்.